மகாலட்சுமி அக்காவின் கைராசி

இலவு காத்த கிளி என்று சொல்வார்கள். பழுக்கும், பழுக்கும் என்று காத்துக் கிடந்ததாம். கடைசியில் காய் வெடித்துப் பஞ்சு பறந்ததாம், கிளி ஏமாந்ததாம். சொன்னவர் யாரென்று தெரியாது, ஆனால் போடிப் பக்கம் வந்திருக்க மாட்டார். கிளிக்கு அது ஏமாற்றம். எங்களுக்கு அதுதான் சோறு.

நான் பிறந்தது கடமலைக்குண்டில். நடக்கப் பழகும்போதே இலவங்காயைத் தட்டி உடைக்கவும் பழகியவள். கட்டிக்கொடுத்தது போடிக்கு, சுருளியாண்டி மெத்தைக் கடை வீட்டுக்கு, மூத்த மருமகளாக. சுருளியாண்டி என் மாமனார். கடைப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. பில் புத்தகத்தில் என் வீட்டுக்காரர் ராஜபாண்டியின் பெயர் இருக்கிறது. மெத்தையையும் தலையணையையும் அடைத்துத் தைக்கிற என் பெயர், ஞானசெல்வி, எங்கேயும் இல்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. என் ஓரகத்தி மகாலட்சுமி தன் பெயரை உலகத்துக்கே எழுதிப் போடும்வரை.

மாமனார் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் கடையைப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு சுவர் வைத்தார்கள். ரோட்டுப் பக்கத்துப் பாதியும் பழைய பலகையும் எங்களுக்கு வந்தது. பின் பாதி, பக்கத்துச் சந்துக்குள் வாசல் வைத்தது, கொழுந்தன் சசிதரனுக்கும் அவன் பெண்டாட்டி மகாலட்சுமிக்கும் போனது. அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சந்துக்குள் நுழைந்து யார் மெத்தை வாங்கப் போகிறார்கள்?

யாரும் வரவில்லை. அவள்தான் போனாள், இன்டர்நெட்டுக்கு. மார்க்கையன்கோட்டைக்காரி, கல்யாணத்துக்கு முன்னால் சின்னமனூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள். யாரிடமும் கேட்காமல் அவளே உட்கார்ந்து ஒரு வெப்சைட் செய்துவிட்டாள். 'மகாலட்சுமி இலவம்' என்று கொட்டை எழுத்தில் பெயர். அதற்குக் கீழே, 'சுருளியாண்டி குடும்பத்தின் கைப்பக்குவம்' என்று ஒரு வரி. பக்கத்தில் மாமனாரின் போட்டோ. மனுஷன் உயிரோடு இருந்தவரை வேளாவேளைக்குக் காபி ஆற்றிக் கொடுத்தவள் நான். போட்டோவை மாட்டிக்கொண்டவள் அவள்.

என் மகள் அனுஷ்கா தேனியில் காலேஜ் படிக்கிறாள். அவள்தான் போனில் அதைக் காட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைவெளேரென்று தலையணைகளை அடுக்கிப் படம் எடுத்திருந்தாள் மகாலட்சுமி. நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவரா, மல்லாந்து படுப்பவரா என்று கேள்வி கேட்டிருந்தாள். கழுத்து வலி உண்டா என்று கேட்டிருந்தாள். ஏதாவது கேட்க வேண்டுமா, இந்தப் பச்சைப் பொத்தானை அமுக்குங்கள் என்றிருந்தாள். அமுக்கினால் பதில் உடனே வருமாம். வரும், எனக்குத் தெரியாதா? ஒரு கையால் சப்பாத்தியைப் புரட்டிக்கொண்டே மறு கையால் பெங்களூருக்குப் பதில் போடுவதை நானே கண்ணால் பார்த்தேனே.

"சித்தி நல்லாப் பண்ணிருக்காகல்லம்மா?" என்றாள் அனுஷ்கா.

"பஞ்சு அடைக்கத் தெரியாதவ போட்டோவுல அடைச்சிருக்கா," என்றேன்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மினுக்க எனக்குத் தெரியாது. கூரியர் வண்டி அந்தச் சந்துக்குள் நுழையாது. என் கடை வாசலை மறித்துக்கொண்டுதான் நிற்கும். அவள் கட்டிக் கொடுத்த பார்சல்களை என் கண் முன்னால்தான் ஏற்றுவார்கள். சேலம் ஒன்று, சென்னை நாலு, ஹைதராபாத் ஒன்று. வாசல் தெளிக்கிற சாக்கில் நானும் ஒவ்வொரு முகவரியாகப் படிப்பேன். படித்த அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாணச் சீருக்கு மெத்தை தைக்க வரும் உள்ளூர்க்காரர்களை விட்டால் என் கடைக்கு யார் வந்தார்கள்? அவர்களும் வைகாசி போனால் ஆவணிக்குத்தான் வருவார்கள்.

இப்படி வயிறு எரிந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தக் கோயம்புத்தூர் கார் வந்து என் வாசலில் நின்றது. புருஷனும் பெண்டாட்டியுமாக மூணாறு போகிற வழியாம். புருஷன் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிக்கொண்டு இறங்கினார். அந்த அம்மா போனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மகாலட்சுமி மேடம் கடைங்களா இது? மேப் இங்கதான் காட்டுதுங்க."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடை ஒன்றாக இருந்த காலத்தில் யாரோ மேப்பில் குத்திய புள்ளி. அதையே மகாலட்சுமி தன் வெப்சைட்டில் எடுத்துப் போட்டிருக்கிறாள். அந்தப் புள்ளிக்கு நடுச்சுவர் எழுப்பியது தெரியாது. அது பழைய வாசலுக்கே, அதாவது என் வாசலுக்கே ஆளைக் கூட்டிவந்து விட்டுவிட்டது.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "வாங்க, உள்ள வாங்க," என்றேன். கழுத்து வலியோடு வெயிலில் நிற்கிறவர்களை வாங்க என்று சொல்வது ஒரு குற்றமா?

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தலையணையை முழுதாகத் தைத்துக் கொடுப்பதில்லை. ஒரு ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு வாயைத் தைக்காமல் விட்டிருப்பேன். வாங்க வந்தவர் பாயில் படுக்க வேண்டும், வீட்டில் எப்படிப் படுப்பாரோ அப்படியே. நான் தலைமாட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன். பஞ்சுக் கடையில் ஃபேன் போட முடியாது, அதனால் பனையோலை விசிறியால் மெதுவாக விசிறுவேன். பேசப் பேசக் கழுத்து இறுக்கம் விடும். அப்போது கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பேன். இடைவெளி இருந்தால் வாய் வழியாக ஒரு பிடி பஞ்சு உள்ளே போகும். முட்டினால் ஒரு பிடி வெளியே வரும். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் மூச்சு மட்டும் சீராக வந்தால் அளவு சரி. அதற்கப்புறம்தான் வாயைத் தைப்பேன்.

கோயம்புத்தூர்க்காரர் நூல் மில் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே குறட்டை விட்டார். அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். போடிமெட்டு ஏறும்போது காதடைத்தால் மெல்லுவதற்கு நாலு ஏலக்காயும் கொடுத்தேன். உள்ளூர்க்காரர்களுக்கு நான் இவ்வளவு செய்வதில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மகாலட்சுமியைத் தேடி வந்தவர்கள் மகாலட்சுமியை மறந்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே செய்தேன்.

கார் போனதும் என் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "செல்வி, அது தம்பி கடைக்கு வந்த ஆளுக."

"நம்ம வாசல்ல வந்து நின்ன ஆளுக."

"அந்தப் புள்ள பேரச் சொல்லித்தான கேட்டாக?"

"கேட்டா என்ன? பேரா பஞ்சு அடைக்குது?" என்றேன். அவர் திரும்பிக் கல்லாவுக்கே போனார். அந்தப் பதில் அன்றைக்கு எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். மூணாறு போகிறவர்கள், மூணாறிலிருந்து இறங்குகிறவர்கள், சென்னை ரயிலில் வந்து இறங்கித் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள். எல்லோரும் மகாலட்சுமி மேடமா என்றார்கள். எல்லோரையும் நான் வாங்க என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பார்சலில் டேப் ஒட்டுகிற சர் சர் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் அவளுடைய வாடிக்கையாளர் என் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அந்த இரண்டு சத்தத்தையும் ஒன்றாகக் கேட்பதில் எனக்கு இருந்த சுகம் தீபாவளிப் பலகாரத்தில்கூடக் கிடையாது.

தீபாவளிக்கு அனுஷ்கா லீவில் வந்தாள். சுவரில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, சித்தி வெப்சைட்ட நீ பாத்தியா? அம்புட்டும் அஞ்சு ஸ்டாரு."

"எதுக்காம்?"

அவள் வாசித்தாள். "'மகாலட்சுமி அக்கா கையில் என்ன மாயமோ, என் கணவர் கடையிலேயே குறட்டை விட்டார்.' 'மகாலட்சுமி அக்கா போட்ட சுக்குக் காபிக்கே ஐந்து நட்சத்திரம் தரலாம்.' 'தலையணை வாங்கப் போனோம், ஒரு அக்காவைச் சம்பாதித்துக்கொண்டு வந்தோம். மகாலட்சுமி அக்கா விசிறி விட்டதில் எங்கம்மா அழுதேவிட்டார்.'" வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சித்தி எப்பம்மா வெசிறி விட்டாக?"

ஆக, இத்தனை நாளும் நான் அவளுடைய வாடிக்கையாளரைப் பிடுங்கவில்லை. சுக்குக் காபியும் ஏலக்காயும் கொடுத்து அவள் பெயரை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் சென்னையும் ஹைதராபாத்தும் அவளிடம் மேலும் மேலும் பார்சல் கேட்டிருக்கின்றன. அந்தக் கோயம்புத்தூர் காருக்கு அப்புறம் என் வாசலில் ஏறிய ஒவ்வொரு மூட்டையும் என் விரல் சம்பாதித்துக் கொடுத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துது, குடையுது என்றால் ஊர் சிரிக்கும்.

இருந்தாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேராகச் சந்துக்குள் போனேன். மகாலட்சுமி தரையில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தது.

"வாங்கக்கா, ஒக்காருங்க."

"ஒக்கார வரல. ஏத்தா மகா, அந்த மேப்ப மாத்து. ஒங்கடைக்கு வாரவுக எங்கடைக்கு வாராக."

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. டேப்பைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா. மொதல்லயே தெரியும். அந்தக் கோயம்புத்தூரு அம்மா போன் பண்ணி, மேடம் அப்படிக் கவனிச்சீங்க, இப்படிக் கவனிச்சீங்கன்னாக. நா அன்னைக்கு ஊர்லயே இல்ல, எங்கம்மா வீட்டுல இருந்தேன். நீங்கதான்னு புரிஞ்சிருச்சு."

"பெறகு ஏன் மாத்தல?"

"எதுக்குக்கா மாத்தணும்? எங்கிட்ட வந்தா பாயில படுக்கப் போட்டு நா என்ன செய்ய? எனக்கு அந்தக் கை வராது. பார்சலுக்குன்னா எடை போட்டு ஒரே அளவா அடைச்சுருவேன். ஆளு கழுத்துக்கு அடைச்சு அடைச்சுப் பாத்துட்டேன், ஒண்ணு கல்லாப் போகுது, இல்லாட்டி சப்பையாப் போகுது. பார்சல நா பாத்துக்கிறேன், நேர்ல வாரவுகள நீங்க பாக்குறீக. வித்த காசு ஒங்க கல்லாவுலதான விழுகுது? நல்லாத்தான போகுது?"

கோபமில்லாமல், கறிவேப்பிலை இருக்கா என்று கேட்கிற குரலில் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். திருடி என்றிருந்தால் நீதான் திருடி என்றிருப்பேன். எதற்கும் இடம் கொடுக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, என்னைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக வைத்து ஓட்டியிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் பேரை அதில் போடு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. அவளிடம் போய் என் பெயரைக் கேட்டு வாங்குவதா? செத்தாலும் மாட்டேன்.

"மாத்துன்னா மாத்து," என்றேன்.

"சரிக்கா." லேப்டாப்பைத் திருப்பினாள். சிவப்புப் புள்ளியை விரலால் தொட்டு இழுத்தாள். அது என் வாசலைவிட்டு நகர்ந்து சந்துக்குள் போய் உட்கார்ந்தது. "இந்தா, மாத்திட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் பாயில் யாரும் படுக்கவில்லை. கார்கள் வரத்தான் வந்தன. இறங்கியவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே, என் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், என் வாசலைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பினார்கள். நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். கேட்டு வாங்கிக்கொண்ட வினை, யாரை நோவது? சுக்குத்தூள் டப்பாவில் கட்டி தட்டிப்போனது.

நடுச்சுவர் உத்திரம் வரைக்கும் எழும்பாத சுவர். மேலே இடைவெளி உண்டு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணவா மேடம்?" "இல்லீங்க, இப்ப ரொம்பக் கம்மியாருச்சு." "இப்ப?" "ம்ம், பரவால்ல." பரவாயில்லை என்ற வார்த்தையைப் போல ஒரு தலையணைக்கு அவமானம் வேறு கிடையாது. என் பாயில் படுத்த ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

கொஞ்ச நாளில் அனுஷ்கா தேனியிலிருந்து போன் செய்தாள். "அம்மா, சித்திக்கு ரெண்டு ஸ்டாரு போட்டிருக்காக. மகாலட்சுமி அக்கா முன்ன மாதிரி இல்ல, கை மாறிப்போச்சுன்னு எழுதிருக்காக."

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேண்டும், நன்றாக வேண்டும் என்று ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டேன். மென்று துப்புவதற்குள் வேறொரு எரிச்சல் வந்துவிட்டது. நான் பாடுபட்டுச் சம்பாதித்த பேரை இப்படிக் கெடுக்கிறாளே! அப்புறம்தான் உறைத்தது, அது என் பேரே இல்லை. அது கெட்டால் நான் சிரிக்கத்தானே வேண்டும்? சிரிப்பு வரவில்லை.

மார்கழியில் ஒரு நாள் காலையில் ஜீப்பில் ஒரு டீச்சர் வந்து இறங்கினார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சாந்தன்பாறையாம். கழுத்தில் பட்டை கட்டியிருந்தார். மலையிறங்கி வந்த களைப்பில் முகம் வெளுத்திருந்தது. போனில் சிக்னல் இல்லை போல, என்னிடமே வந்து கேட்டார்.

"மகாலட்சுமி சேச்சியோட கடை எவிடெயா? அவங்க கை நல்லதுன்னு எழுதியிருந்தாங்க. தூங்கி மாசக்கணக்காச்சு."

வாங்க, உள்ள வாங்க. நாக்கின் நுனியில் நின்றது. பாய் விரித்தே இருந்தது. ஆனால் இந்த அம்மாவும் நன்றாகத் தூங்கி எழுந்து மகாலட்சுமிக்குத்தானே எழுதிப் போடுவார்? "சந்துக்குள்ள போங்க," என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

உட்கார முடிந்தால்தானே? சுவருக்கு அந்தப் பக்கம் மகாலட்சுமி படுக்கச் சொல்வது கேட்டது. பஞ்சை எடுப்பதும் வைப்பதும் கேட்டது. திடீரென்று "ஐயோ" என்று டீச்சர் முனகினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஐயோ. அடைத்தது கல்லாகிவிட்டது, எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. "வேண்டா, மதி, போதும், இதையே கொடுங்க," என்றார் டீச்சர், அழுகிற குரலில். அந்தக் கழுத்தின் கீழே அந்தக் கல்லை வைத்துக்கொண்டு அவர் மலையேறப் போகிறார் என்று நினைத்தபோது என் விரலெல்லாம் அரித்தது. எழுந்து சந்துக்குள் போனேன்.

மகாலட்சுமி முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். நெற்றி வேர்த்து, முடியெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும், "அக்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நகர்ந்து இடம் விட்டாள்.

நான் அவளைப் பார்க்காமலே உட்கார்ந்தேன். தலையணையின் வாயில் கையை விட்டேன். பஞ்சைத் திணித்து வைத்திருக்கிறாள், உதிர்க்கவே இல்லை. பாதியை வெளியே எடுத்தேன். மிச்சத்தை உள்ளேயே விரலால் பிரித்துவிட்டேன்.

"டீச்சர், எத்தனாங்கிளாசு எடுக்குறீக?"

"நாலு," என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்களாம். ஏலக்காய் பறிக்கும் காலத்தில் பாதிப் பெஞ்சு காலியாகிவிடுமாம். மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்துவிடுமாம், கரும்பலகையே தெரியாதாம். நான் ஒரு பிடி எடுத்தேன், அரைப் பிடி வைத்தேன். பனி வந்தா பிள்ளைக எப்பிடி எழுதும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

மகாலட்சுமி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிரவில்லை.

டீச்சர் விழித்தபோது வெயில் சந்துக்குள் இறங்கியிருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "மகாலட்சுமி சேச்சி, எழுதியிருந்தது எல்லாம் சத்தியம்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நான் மகாலட்சுமி இல்லை, ஞானசெல்வி, இது என் கை, இத்தனை நாளும் இது என் கைதான். தீபாவளியிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்த வார்த்தைகள்.

"டீச்சர், மகாலட்சுமி நாந்தான்," என்றாள் அவள், எனக்கு முன்னால். "ஆனா நீங்க படிச்ச கை இவுக கை. எம்பேருல எழுதுன நல்லது அம்புட்டும் இவுக செஞ்சது. எங்க மூத்தவுக."

பாவி. ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கென்று இருந்தது அந்த ஒரு உண்மை. அதையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் சொல்லியிருந்தால் அது சண்டை. அவள் சொன்னதால் அது பெருந்தன்மை. அதிலும் முந்திக்கொண்டாள்.

டீச்சர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ சேச்சியுடெ பேரெந்தா?"

வாழ்நாளில் இந்தக் கேள்வியை இந்தக் கடையில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. "ஞானசெல்வி," என்றேன். சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம், "ஞானசெல்வி," என்றேன்.

அன்றிலிருந்து அனுஷ்காவுக்கு நான் ஓயாமல் போன் போட்டேன். டீச்சர் எழுதினாகளா, எழுதினாகளா என்று. பொங்கலுக்கு அவள் வந்த அன்றைக்குத்தான் அது வந்திருந்தது. என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, "வாசி," என்றேன்.

"'கழுத்து வலி போய்விட்டது. ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை,'" என்று ஆரம்பித்தாள் அனுஷ்கா. "'தனக்கு வந்த புகழை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க யாருக்கு மனம் வரும்? மகாலட்சுமிக்கு வந்தது. அந்த மனசுக்கு ஐந்து நட்சத்திரம் போதாது. தலையணை தைத்த சேச்சியின் கையும் மிக நல்ல கை. அவர் பெயர் சொன்னார், மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.'"

அனுஷ்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"விடு செல்வி," என்றார் என் வீட்டுக்காரர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "பேரா பஞ்சு அடைக்குது?"

கையிலிருந்த பஞ்சை அவர் மேல் வீசினேன். பஞ்சை வீசினால் யாருக்கு வலிக்கும்? அது அவர் மீசையில் போய் உட்கார்ந்துகொண்டது. அனுஷ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகையாக வந்தது.

அப்போது சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது. "அக்கா, கொஞ்சம் வாங்களேன். திருப்பூர்ல இருந்து ரெண்டு பேரு வந்திருக்காக. கழுத்துப் பாக்கணுமாம்."

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் போகாவிட்டால் அவள் அடைப்பாள். கல்லாக அடைப்பாள். எழுந்து ஊசி டப்பாவை எடுத்தேன். வெள்ளை நூல் கண்டுக்குப் பக்கத்தில், மெத்தை ஓரம் கட்டுவதற்காக வாங்கிய சிவப்பு நூல் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

திருப்பூர்க்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாயில் தூங்கிப்போன பிறகு தலையணைகளை மெதுவாக உருவி, வாயைத் தைத்து மூடினேன். மூடிய தையலின் மேல் சிவப்பு நூலைக் கோத்து, சின்னச் சின்னதாக, ஒவ்வொரு எழுத்தாக இழுத்தேன். ஞா. ன. செ. ல். வி. மகாலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"உறை போட்டா வெளிய தெரியாதேக்கா," என்றாள்.

"தெரிய வேணாம்," என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

யார் பெயரைக் கேட்டு வந்து வாங்கினாலும் வாங்கிக்கொண்டு போகட்டும். ராத்திரி தலை வைத்துப் படுப்பது என் பெயர் மேல்தான்.